நெவில் சால்ட்டும் நாலாவது நட்டும்

நெவில் சால்ட்டுக்குச் சோறு போடுவதே நாங்கள்தான் என்று எங்கள் கடையில் சொல்லிக்கொள்வோம். எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதே தான்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இரண்டும் உண்மை. எங்களுடையது ஸ்டோக் நகரத்தில், லாங்டனில் இருக்கும் டயர் கடை. பத்தொன்பது வருடமாக அதன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஃபிட்டர் டீன், காற்றுத் துப்பாக்கியை வைத்துச் சக்கரத்தின் நட்டுகளை இறுக்குவான். இறுக்கினால் இறுக்கினதுதான், அடுத்த வருடம் அதை மனிதப் பிறவி எதுவும் கழற்ற முடியாது. அப்போது நான் நெவிலுக்கு ஃபோன் போடுவேன்.

காரின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் மற்றவற்றைப் போல இருக்காது. அதுதான் பூட்டு நட்டு. அதன் தலையில் கோணல்மாணலாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி கட்டைவிரல் நீளத்தில் ஓர் இரும்புச் சாவி உண்டு. நாலு சக்கரத்துக்கும் அது ஒன்றுதான். அதைப் பொருத்தித் திருகினால்தான் நட்டு கழலும். சக்கரத்தைத் திருடன் கொண்டுபோகக் கூடாது என்று எவரோ மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. திருடர்கள் ஐந்து நிமிடத்தில் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கழற்ற முடியாமல் முழிப்பவர் காரின் சொந்தக்காரர் மட்டும்தான். ஏனென்றால் அவர் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பார். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்தேன் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கருமாதி செய்துவிடலாம்.

நெவிலுக்கு அறுபத்தொரு வயது. ஆள் ஒல்லி, மணிக்கட்டு மட்டும் பெருத்திருக்கும். குளியலறை ஓடு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தார். அதை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு வெள்ளை வேனும், நட்டைக் கவ்வித் திருகும் சாக்கெட்டுகள் ஒரு பெட்டியும் வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு முறை டீன் கேட்டான். "யாரும் கேக்கல" என்றார். அப்பா சிரில், அம்மா போன பிறகு மகனோடுதான் இருந்தார். அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். அவர் விட்டுப்போன சொத்து என்று சொன்னால், ஃபென்டனில் ஒரு சின்ன வீடும், டெப்போவிலிருந்து எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்த நாலடி இரும்புக் கம்பி ஒன்றும்தான். எந்தச் சாக்கெட்டுக்கும் மசியாத நட்டு அந்தக் கம்பிக்கு மசியும்.

நெவில் மனிதர்களிடம் அதிகம் பேச மாட்டார். நட்டுகளிடம் பேசுவார். முரண்டு பிடிக்கும் நட்டை மேடம் என்று கூப்பிடுவார். "கொஞ்சம் மனசு வைங்க மேடம்" என்பார். அவர் குனிந்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெண்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்தவுடன் வேலையைத் தொட மாட்டார். டேஷ்போர்டு அறை, ஸ்டெப்னிக்கு அடியில், கதவுப் பை என்று மூன்று இடத்தைச் சொல்லி, இன்னொரு தடவை தேடிப் பாருங்கள் என்பார். பிறகு உள்ளே வந்து, நான் போட்டுக் கொடுக்கும் டீயைப் பத்து நிமிடம் குடிப்பார். மூன்று பேரில் ஒருவர் அந்தப் பத்து நிமிடத்துக்குள் சாவியைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தவர் திருடனைப் போல முழிப்பார், பத்துத் தடவை ஸாரி சொல்வார். நெவில் டீயை முடித்துவிட்டுப் போய்விடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வழக்கமான மழையில், மிஸஸ் ஈனிட் ப்ளூர் வந்தார். எண்பத்தொரு வயது. நீல நிறத்தில் சின்னக் கார். வருடாந்தரச் சோதனையில் நாலு டயரும் தேய்ந்துவிட்டன என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழைய சான்றிதழ் அன்று ராத்திரியோடு முடிகிறது. டயரை மாற்றி மூன்று மணிக்குள் சோதனைக்காரரிடம் காட்டினால் கார் ஓடும். இல்லையென்றால் கார் திங்கட்கிழமை விலைக்குப் போகும். மகன் ஏற்கெனவே க்ரூ ஊரில் ஓர் ஆளைப் பேசி வைத்திருக்கிறானாம்.

"லீக் ஊர்ல என் தங்கச்சி இருக்கா, முதியோர் இல்லத்துல" என்றார். "வியாழக்கிழமை வியாழக்கிழமை போவேன். பஸ்ஸ நிறுத்திட்டாங்க. கார் போச்சுன்னா அவளும் போன மாதிரிதான்."

"சாவி இருக்கா கண்ணு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் வயது, பதவி, போலீஸ் உடுப்பு எதையும் பார்ப்பதில்லை. எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான்.

"இல்ல கண்ணு. தொலைஞ்சு போச்சு. போன தடவை எம் பையன் ஆட்ரியன்தான் சக்கரத்தைக் கழட்டினான். பத்திரமா வச்சேங்கறான்."

"சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு நெவிலுக்கு ஃபோன் போட்டேன்.

நெவில் வந்தார். மூன்று இடத்தையும் சொல்லித் தேடச் சொன்னார். எண்பத்தொரு வயது அம்மாளை மழையில் தேடச் சொல்வதா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாளோ நகரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மடியிலிருந்த கைப்பையைத் திறந்தார். உள்ளே பார்த்தார். ஒரு கைக்குட்டையை எடுத்து, மறுபடி உள்ளேயே வைத்தார். பையை மூடினார்.

"கிடைக்காதுப்பா. நீங்க ஆரம்பிங்க" என்றார்.

"பத்து நிமிஷம் தேடினா சில பேருக்குக் கெடைக்கும்."

"எனக்குக் கெடைக்காது" என்றார், சந்தேகமே இல்லாத குரலில். "டீயைச் சீக்கிரம் குடிங்க."

நெவிலை அவசரப்படுத்திய முதல் வாடிக்கையாளர் அவர்தான். நெவில் அரை கப் டீயோடு எழுந்து போனார்.

முதல் மூன்று நட்டும் சொல்பேச்சு கேட்டன. மற்ற நட்டுகளை அப்படியே இறுக்கமாக விட்டுவிட்டு, பூட்டு நட்டின் மேல் ஒரு சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார். சாக்கெட்டின் உட்புறம் எதிர்ச் சுற்றாக வரி வெட்டியிருக்கும், திருகத் திருகக் கடித்துக்கொள்ளும். முதலில் ஒரு நூலளவு இறுக்குவார். பிறகுதான் கழற்றுவார். டீனுக்கு இது எத்தனை வருடமானாலும் புரியாது. "கழட்ட வந்த ஆளு எதுக்கு இறுக்குறீங்க?" என்பான். "நீ எதுக்கு இறுக்குறேன்னு நான் கேட்டேனா?" என்பார் நெவில்.

மூன்றாவது நட்டு தட்டில் விழுந்தபோது மகன் ஆட்ரியன் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல கோட்டு. அம்மா ஃபோனில் டயர் கடையில் இருக்கிறேன் என்று சொன்னதும் அலுவலகத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். வந்த வேகத்தில் தன் பெரிய காரை எங்கள் நடைபாதை விளிம்பில் உரசித்தான் நிறுத்தினார். அந்தச் சத்தம் எனக்கு உள்ளேயே கேட்டது.

"அம்மா, சாவிதான் இல்லையே. எதுக்கு இந்தச் சிரமமெல்லாம்?"

"சிரமமே இல்ல ஆட்ரியன். இவரு சாவியே இல்லாம கழட்டுறாரு பாரு. என்ன கெட்டிக்காரத்தனம்!"

ஆட்ரியன் தட்டில் கிடந்த மூன்று நட்டையும் பார்த்தார். அவருடைய முகத்தில் கெட்டிக்காரத்தனத்தை மெச்சும் அறிகுறி எதுவும் இல்லை.

நாலாவது நட்டு வேறு ஜாதி. வலது பின்சக்கரம். சாவி இல்லாமலே திருகிப் பார்த்த எவனோ அதன் தலையின் வெளி விளிம்பை மொழுமொழுவென்று ஆக்கியிருந்தான், உள்ளே பள்ளம் மட்டும் தப்பியிருந்தது. எங்கள் டீனாகக்கூட இருக்கலாம், நான் கேட்கவில்லை. போதாததற்கு நட்டைச் சுற்றி ஒரு வளையம், நட்டு அசையாமல் அது மட்டும் சுற்றியது. சாக்கெட் கடிக்க வழியே இல்லை. நெவில் பத்து நிமிடம் அதன் எதிரில் குந்தியிருந்தார். "மேடம், இது நல்லால்ல" என்றார். பிறகு உள்ளே வந்து கை கழுவினார்.

ஆட்ரியன் பின்னாலேயே வந்தார். அம்மா வெளியே டீனிடம் எங்கள் ஊர் ஓட்ஸ் தோசைக்குள் சீஸ் வைப்பதா, பன்றிக்கறி வைப்பதா என்று வாதாடிக்கொண்டிருந்தார். ஆட்ரியன் குரலைத் தாழ்த்தினார். கவுண்டரில் இருப்பவர்களுக்குக் காது கிடையாது என்று எல்லாரும் நினைப்பதுபோல அவரும் நினைத்தார்.

"அது கழலாதுல்ல?"

"கஷ்டம்தான். ஆனா கழலும்."

"கழலலைன்னு சொல்லிடுங்களேன்."

நெவில் துண்டால் கையைத் துடைத்தார்.

"நீங்க கேட்டதுக்கு மேல ரெண்டு மடங்கு தர்றேன்" என்றார் ஆட்ரியன். "போன நவம்பர்ல சூப்பர் மார்க்கெட் வாசல்ல தள்ளுவண்டி நிறுத்துற ஷெட்ல போயி இடிச்சாங்க. நல்லவேளை, ஆள் யாருமில்ல. ஒரு நாள் இல்ல ஒரு நாள் யாராவது குழந்தை குறுக்க வந்தா என்ன பண்றது? ராத்திரி தூக்கம் வரல எனக்கு."

"இத அவங்ககிட்டச் சொல்லலாமே."

"எப்படிங்க சொல்றது? எங்கம்மாங்க அவங்க."

"சாவி உங்ககிட்டதான் இருக்கா?"

ஆட்ரியன் சுவரில் மாட்டியிருந்த டயர் விலைப்பட்டியலை ஆழ்ந்து படித்தார். "வீட்ல இருக்கு" என்றார். "பத்திரமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய காரணமும் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் நெவில் செய்ததும் இதேதான். அவருடைய அப்பா சிரிலுக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, காரை எடுக்காதீர்கள் என்று சொல்ல நெவிலுக்கு வாய் வரவில்லை. கியர்பாக்ஸில் ஒரு கோளாறு, அதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பார்ட் வர வேண்டும், வந்ததும் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். வராத பார்ட்டுக்காகப் பதினாலு மாதம் கார் வாசலில் நின்றது. கிழவர் ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "பார்ட் வந்துச்சா?" என்று கேட்பாராம். "இன்னும் இல்லப்பா" என்பாராம் நெவில். கேட்டுக்கொண்டே ஒரு நாள் செத்தும் போனார். கடையில் இது ஒரு வேடிக்கைக் கதை. சண்டை இல்லாமல் முடித்துவிட்டீர்கள், நல்ல யோசனை என்று நானே நெவிலிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"வெளிய நிக்கிற பெரிய கார் உங்களுதா?" என்று கேட்டார் நெவில்.

"ஆமா. ஏன்?"

"நாலு சக்கரத்துலயும் உரசல். உங்கம்மா கார் சக்கரத்துல ஒரு கீறல்கூட இல்ல. சக்கரத்தைப் பாத்தா ஓட்டுற ஆளைத் தெரியும்." துண்டைக் கொக்கியில் மாட்டினார். "தள்ளுவண்டி ஷெட் பத்தி எனக்குத் தெரியாது. அது நீங்க அவங்ககிட்டப் பேசிக்க வேண்டியது. என்னைக் கூப்பிட்டது நட்டுக்கு."

போய்விட்டார். ஆட்ரியன் என்னைப் பார்த்தார். எனக்கு டயர் விலைப்பட்டியலில் திடீரென்று ஆர்வம் வந்தது.

அந்த நட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சுற்றுகிற வளையத்தைச் சின்ன அறுப்பு இயந்திரத்தால் சக்கரத்தில் படாமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். நட்டின் நடுவில் துளை போட்டார். சாக்கெட்டை அடித்து ஏற்றினார், அது வழுக்கியது. இன்னும் சின்னதாக ஒன்றை ஏற்றினார். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மிஸஸ் ப்ளூர் மழையில் குடையை நெவிலுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். அதைப் பார்த்து ஆட்ரியன் அம்மாவுக்குக் குடை பிடித்துத் தான் நனைந்தார். அந்தக் குடும்பம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக நெவில் வேனிலிருந்து அப்பாவின் கம்பியை எடுத்து வந்தார். மாட்டி, ஒரு நூலளவு இறுக்கினார். பிறகு தன் முழு எடையையும் போட்டு எதிர்ப்பக்கம் அழுத்தினார். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். நெவிலின் முதுகுதான் உடைந்துவிட்டது என்று டீன் ஓடி வந்தான். நட்டு சுற்றத் தொடங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி மேடம்" என்றார் நெவில்.

"நான்ல சொல்லணும்!" என்றார் மிஸஸ் ப்ளூர்.

டீன் டயர் மாட்டப் போனான். ஆட்ரியன் அலுவலகத்துக்கு ஃபோன் பேச வெளியே ஷட்டர் ஓரம் ஒதுங்கினார். மிஸஸ் ப்ளூர் பணம் கொடுக்க கவுண்டருக்கு வந்தார். கைப்பையைத் திறந்து பர்ஸை எடுத்தார். கைக்குட்டையை எடுத்தார். அதை விரித்து, உள்ளே இருந்த ஒன்றை நெவிலின் முன் வைத்தார்.

கட்டைவிரல் நீளத்தில் ஓர் இரும்புச் சாவி.

"இது இனிமே எனக்கு வேணாம். நீங்க வச்சுக்கோங்க" என்றார்.

நெவில் அதை எடுத்தார். தட்டில் கிடந்த முதல் நட்டின் மேல், நசுங்காமல் மிச்சமிருந்த பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். "பொருந்துது" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இது எப்ப கெடச்சுது கண்ணு?"

"ஜனவரியில. ஆட்ரியனும் மருமகளும் லீவுக்கு டெனெரிஃப் தீவுக்குப் போயிருந்தாங்க. அவங்க நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போனேன். நாய் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில இருந்துச்சு."

"காலையிலேயே குடுத்திருந்தா கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்குமே! மூணு மணி நேரம் மழையில நின்னீங்களே!"

"குடுத்திருந்தா, எனக்குத் தெரியும்ங்கறது அவனுக்குத் தெரிஞ்சு போயிருக்குமே."

"தெரிஞ்சா என்ன?"

"ரொம்பச் சங்கடப்படுவான்" என்றார். பர்ஸைத் திறந்து கார்டை எடுத்தபடியே சொன்னார்: "நானும் வாய்ப்பு குடுக்காம இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாப்பாடு முடிஞ்சதும் கேப்பேன். 'சாவி கெடச்சுதா ஆட்ரியன்?'னு. அவனா வாயத் தெறந்து சொல்லுவான்னு பாப்பேன். 'இன்னும் இல்லம்மா'ம்பான். சரின்னு கஸ்டர்டை எடுத்து வைப்பேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

நான் கார்டு இயந்திரத்தை நீட்டினேன். நெவில் அசையவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாளையே பார்த்தார். நெவில் ஒரு மனித முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்க."

"அம்மாவாச்சே. தெரியாமலா இருக்கும்?"

நெவில் மழையில் இறங்கி நடந்தார். நேராக ஷட்டர் ஓரம் போய், ஆட்ரியன் ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய இன்னொரு கையைப் பிடித்து உள்ளங்கையில் சாவியை வைத்தார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஆண் பிள்ளையின் கையை இப்படிப் பிடிப்பது கைது செய்யும்போது மட்டும்தான்.

"நாய் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில இருந்துச்சாம்" என்றார். "ஜனவரியிலேர்ந்து அவங்ககிட்டதான் இருக்கு. நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே போயிச் சொல்லுங்க. ஷெட்டு, குழந்தை, தூக்கம் வரல, எல்லாத்தையும் சொல்லுங்க. திட்டுவாங்க. திட்டு வாங்குங்க."

"ஐயோ, சொல்லிட்டாரே" என்று மிஸஸ் ப்ளூர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவர் நெவிலைத் தடுக்க ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஆட்ரியன் ஃபோனை அணைத்தார். சாவியைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோனார். டீன் நாலு டயரையும் மாட்டி, நாலு சாதாரண நட்டையும் போட்டு, நான் முறைத்ததால் கைக் கருவியால் அளவாக இறுக்கி, காரை இறக்கினான். மிஸஸ் ப்ளூர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஆட்ரியன் தன் காரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். கார் கிளம்பவில்லை. மணி இரண்டரை.

நெவில் உள்ளே வந்து அப்பாவின் கம்பியைத் துடைத்தார். எண்ணெய் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் புதிதாக ஒரு டீ போட்டு வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"எங்கப்பா டெப்போவுல என்ன வேலை பாத்தாரு தெரியுமா?" என்றார்.

"மெக்கானிக்னு சொல்லியிருக்கீங்க."

"கியர்பாக்ஸ் பிரிவு. முப்பத்தோரு வருஷம்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்த மனுஷரிடம் போய்த்தான் இவர் கியர்பாக்ஸுக்குப் பார்ட் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நானும் நல்ல யோசனை என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான் சொன்ன மாதிரி ஒரு பார்ட்டே அந்தக் காருக்குக் கெடையாது" என்றார் நெவில். "அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். மொத நாளே தெரிஞ்சிருக்கும்."

"நெவில்..."

"அறுபது ஞாயித்துக்கிழமை. அறுபது தடவை கேட்டிருக்காரு மனுஷன்."

வெளியே நீலக் காரின் கண்ணாடி உள்ளே இருந்தவர்களின் மூச்சில் மங்கிப் போயிருந்தது. அந்தம்மாள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதும், மகன் தலையைக் குனிந்தபடி கேட்பதும் தெரிந்தது. பிறகு கார் கிளம்பியது. எங்கள் வாசல் விளிம்பில் உரசாமல் திரும்பி, சோதனை நிலையம் இருக்கும் பக்கம் போனது. அது கண்ணிலிருந்து மறையும் வரை நெவில் அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.